விசா விண்ணப்பமும் கடைசி வாரத்து மருத்துவச் சான்றுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கங்களில் வெளிநாட்டுப் படிப்பு குறித்து வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எந்த நாட்டில் எந்தப் படிப்புக்கு மதிப்பு, வங்கிக் கடனுக்கு யாரை அணுகுவது, ஆங்கிலத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் தேவை என்பனவெல்லாம் விரிவாகவே எழுதப்படுகின்றன. ஆனால் மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசிச் சான்று, மருத்துவக் காப்பீடு ஆகிய மூன்றும் கட்டுரையின் கடைசிப் பத்தியில் 'இவையும் தேவைப்படலாம்' என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. நம் பிள்ளைகளும் அதே வரிசையில்தான் காரியம் பார்க்கிறார்கள். ஆஃபர் லெட்டர் வந்து, கடன் கையெழுத்தாகி, விமான டிக்கெட்டின் விலையைப் பார்க்கத் தொடங்கிய பிறகே, 'ஏதோ ஊசி போட்ட சர்டிபிகேட் கேட்கிறார்கள்' என்று பெற்றோர் அலைகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும், உடல்நலம் சார்ந்த வேலைகளைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் போதே, அதாவது புறப்படுவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வேலூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். இன்று காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் பொறியியல் முடித்துவிட்டு அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் பலர், எங்கள் கையால் சொட்டு மருந்து வாங்கியவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் என் வீட்டுக்கு வருகிறார்கள். கையில் ஒரு பழைய தடுப்பூசி அட்டை இருக்கும். பாதி எழுத்து அழிந்திருக்கும். குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாயின் பெயரோ, வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரோ இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக நீண்டு நிற்கும். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று கடல் கடந்து இருக்கும் ஒரு பல்கலைக்கழக அலுவலருக்கு எப்படி விளங்கும்?

பெயர்ச் சிக்கலைக் கூட ஒரு மருத்துவரின் கடிதத்தால் சரிசெய்துவிடலாம். அட்டையின் உள்ளே இருப்பதுதான் பெரிய சிக்கல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடப்படும் எம்.எம்.ஆர். தடுப்பூசியை இரண்டு தவணை கேட்கின்றன. முதல் தவணை குழந்தையின் முதல் பிறந்த நாளிலோ அதற்குப் பிறகோ போடப்பட்டிருக்க வேண்டும், இரண்டுக்கும் இடையில் குறைந்தது 28 நாள் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. நம் அரசுத் திட்டத்தில் தட்டம்மை ஊசி ஒன்பது மாதம் நிறைந்ததும் போடப்பட்டது. நம் சூழலில் குழந்தைகளுக்குத் தட்டம்மை மிகச் சிறு வயதிலேயே வந்துவிடும் என்பதால் அது சரியான முடிவே. ஆனால் அந்தத் தவணை அவர்களுடைய கணக்கில் சேராது. 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் பதினைந்து வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டோம். வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளையை அன்றைக்குப் பள்ளிக்கே அனுப்பாத வீடுகளும் இருந்தன. அவர்களைச் சமாதானப்படுத்த வீடு வீடாக ஏறி இறங்கிய களைப்பை நாங்கள் மறக்கவில்லை. அன்று போட்டுக்கொண்டவர்களுக்கும் பொன்னுக்கு வீங்கிக்கான பாதுகாப்பு அதில் இல்லை. நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் அது இடம்பெறவே இல்லை. ஆகவே, 'எல்லா ஊசியும் போட்டாச்சு' என்று தாய் சொல்வது உண்மையாக இருக்கும்போதே, பல்கலைக்கழகத்தின் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாகத்தான் நிற்கும்.

மஞ்சள் காமாலை ஊசி என்று நம் ஊரில் சொல்லும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் கதையும் இதுவே. தமிழ்நாடு உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கு அது அரசுத் திட்டத்தின் வழியாக 2007–08 வாக்கில்தான் வந்தது. அதற்கு முன் பிறந்து அரசு நிலையத்தில் மட்டும் ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் அதைப் பெற்றிருக்கமாட்டார். இப்போது போட்டுக்கொள்ள நினைத்தால் முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம் என மூன்று தவணை. ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது என்றால் பிப்ரவரியிலேயே முதல் ஊசி போட்டிருக்க வேண்டும். ஜூலையில் என்னிடம் வந்து கேட்பவருக்கு நான் என்ன சொல்ல முடியும்? இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று பரிசோதித்து அந்த அறிக்கையை அனுப்பும் வழியைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன; ஆனால் ஊசியே போடாதவருக்கு அந்த அறிக்கை கைகொடுக்காது. சின்னம்மைத் தடுப்பூசியும், விடுதியில் தங்கும் முதலாண்டு மாணவர்களிடம் பல இடங்களில் கேட்கப்படும் 'மெனிங்கோகாக்கல்' எனும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் இதே வகையைச் சேர்ந்தவை. இவை அரசு நிலையத்தில் கிடைக்காது, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

காசநோய் தொடர்பான பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் பயப்படுவதும், தவறான அறிவுரையில் சிக்குவதும் இங்கேதான். நாம் எல்லோரும் பிறந்த உடனே இடது தோளில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்கள். அந்தத் தழும்பு உள்ளவருக்குத் தோலில் மருந்தைச் செலுத்தி வீக்கத்தை அளக்கும் பழைய சோதனையைச் செய்தால், நோய் இல்லாமலேயே 'உண்டு' என்று காட்டக்கூடும். அதனால்தான் இரத்தத்தில் செய்யும் 'இக்ரா' சோதனையை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல விரும்புகின்றன. அதிலும் 'பாசிட்டிவ்' வந்தால் உடலில் கிருமி உறங்கிக் கிடக்கிறது என்று மட்டுமே பொருள். நம் நாட்டில் அப்படி இருப்பவர்கள் ஏராளம். எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, இருமல், காய்ச்சல், எடைக் குறைவு ஏதும் இல்லையென்றால் படிப்பு அதனால் தடைப்படுவதில்லை. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: எம்.எம்.ஆர். போன்ற உயிருள்ள தடுப்பூசியைப் போட்டுவிட்டு அடுத்த வாரமே காசநோய்ச் சோதனை செய்தால் முடிவு தவறாக வரலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டும், அல்லது குறைந்தது நான்கு வாரம் பொறுக்க வேண்டும். அவசரத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை.

பிரிட்டன் செல்பவர்களுக்கு விதி வேறு. ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் இந்திய விண்ணப்பதாரர், அந்நாட்டு உள்துறை அங்கீகரித்த மையத்தில் மார்பு எக்ஸ்ரே எடுத்துச் சான்று பெற்றே விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். அச்சான்று ஆறு மாதம் செல்லும். எக்ஸ்ரே தெளிவாக இருந்தால் காரியம் விரைவில் முடிந்துவிடும். படத்தில் சிறு சந்தேகம் வந்தால் அடுத்தடுத்த நாட்களில் சளி மாதிரி எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பார்கள்; அந்த முடிவு வர எட்டு வாரம் வரை ஆகலாம். செப்டம்பர் மாதச் சேர்க்கைக்கு ஆகஸ்டில் எக்ஸ்ரே எடுக்கப் போனவருக்கு அந்த எட்டு வாரம் ஓராண்டு இழப்பாகிவிடும். சிறு வயதில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்களின் நுரையீரலில் தழும்பு இருக்கும். அவர்களுக்குச் சந்தேகம் எழுவது ஏறக்குறைய நிச்சயம். அப்படிப்பட்டவர்கள் அரசு மையத்தில் கொடுத்த சிகிச்சை அட்டையையும், பழைய எக்ஸ்ரே படங்களையும் தேடி எடுத்துக்கொண்டு போக வேண்டும். பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிட்டு, தழும்பு மாறாமல் இருக்கிறது என்று மருத்துவர் பார்ப்பதற்கு அது பேருதவியாக இருக்கும். சம்பந்தம் பேசும்போது தெரிந்துவிடுமே என்று அந்த அட்டையைக் கிழித்துப் போட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே நோய் இருப்பது தெரிந்தாலும் அரசு மையங்களில் மருந்து இலவசம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முடித்துவிட்டு மறுபடியும் விண்ணப்பிக்கலாம்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு மயக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் சிகிச்சைக்கு வந்து இறங்கும் ஊரில் நாம் வாழ்கிறோம். ஆகவே வேலூரில் பெரிய மருத்துவமனையில் வாங்கிய சான்றை உலகமே ஏற்கும் என்று நினைத்துவிடுகிறோம். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுக்கு, அந்தந்த நாட்டுக் குடியேற்றத் துறை பட்டியலில் வைத்திருக்கும் மருத்துவரோ மையமோ செய்த பரிசோதனை மட்டுமே செல்லும். மருத்துவமனை எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும், மருத்துவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லையென்றால் பயனில்லை. நம் பகுதியினர் இதற்குப் பெரும்பாலும் சென்னைக்குத்தான் போகிறார்கள். போவதற்கு முன் அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் அன்றைய பட்டியலைப் பார்த்து முன்பதிவு செய்து, அசல் பாஸ்போர்ட்டோடு காட்பாடியில் காலை ரயில் ஏறினால் போதும். கனடாவுக்கு விசா விண்ணப்பத்துக்கு முன்னதாகவே இந்தப் பரிசோதனையை முடித்துக்கொள்ளலாம். முடிவு பன்னிரண்டு மாதம் செல்லும். ஆஸ்திரேலியாவுக்கு 'ஹெச்.ஏ.பி.' எனப்படும் பரிசோதனை அடையாள எண்ணை இணையத்தில் பெற்றுக்கொண்டு போக வேண்டும். அங்கே செவிலியர் படிப்புக்கோ மருத்துவப் படிப்புக்கோ போகிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. சோதனைகளும் சேரும். நம் மாவட்டத்தில் செவிலியர் கல்வி வேர் விட்டிருப்பதால் அந்தப் பிள்ளைகள் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

இனி காப்பீடு. இதில் முதலில் தெளிய வேண்டியது, விசா அதிகாரியைத் திருப்திப்படுத்தும் பாலிசி வேறு, காய்ச்சல் வந்தால் காப்பாற்றும் பாலிசி வேறு என்பது. சில நாடுகளில் இரண்டும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. பிரிட்டனில் தனியார் பாலிசி தேவையில்லை. மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு என்று 2024 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட சுகாதாரக் கட்டணத்தை விசா விண்ணப்பத்தோடு முழுக் காலத்துக்கும் மொத்தமாகக் கட்ட வேண்டும். ஓராண்டு முதுகலைக்குக்கூட விசா அதைவிடச் சில மாதம் கூடுதலாகவே தரப்படுவதால் 1,164 பவுண்டு, அதாவது ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல், கட்ட நேர்கிறது. இந்தத் தொகையைக் கடன் விண்ணப்பத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டுக் கடைசியில் நகையை அடகு வைத்த குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு. விசா மறுக்கப்பட்டால் இந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பது ஓர் ஆறுதல்.

ஜெர்மனியில் முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவர் அரசுமுறைக் காப்பீட்டில் சேரலாம்; மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும், சேர்ந்த சான்று இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய முடியாது. இங்கிருந்து வாங்கிப் போகும் பயணக் காப்பீடு, போய் இறங்கிப் பதிவு முடியும் வரையிலான நாட்களுக்கு மட்டும் உதவும். மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டைத் தேர்ந்து அரசுமுறையிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், அந்தப் படிப்பு முடியும் வரை திரும்ப உள்ளே வர முடியாது என்பதை ஏஜென்ட்டுகள் சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவில் தங்கும் காலம் முழுமைக்கும் 'ஓ.எஸ்.ஹெச்.சி.' எனப்படும் மாணவர் காப்பீடு கட்டாயம். ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பன்னிரண்டு மாதக் காத்திருப்பு உண்டு. பல்லும் கண்ணாடியும் அதில் அடங்கா. புறப்படும் முன் பல் மருத்துவரைப் பார்த்துச் சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டு, கண்ணாடி ஒன்று கூடுதலாக வாங்கிக்கொண்டு போவது எந்தப் பாலிசியையும் விட லாபம்.

குழப்பம் அதிகம் அமெரிக்காவில்தான். எஃப்–1 மாணவ விசாவுக்கு அந்நாட்டு மத்திய அரசு காப்பீட்டை நிபந்தனையாக வைக்கவில்லை. ஜே–1 பரிமாற்ற விசாவுக்குத்தான் ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்கு குறைந்தது 1,00,000 டாலர் என்று வரையறுத்திருக்கிறது. விசாவுக்கு வேண்டாம் என்பதால் காப்பீடே வேண்டாம் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். கட்டாயப்படுத்துவது பல்கலைக்கழகம். பெரும்பாலான இடங்களில் பல்கலைக்கழகத்தின் சொந்தத் திட்டத்துக்கான தொகை கல்விக் கட்டணப் பட்டியலிலேயே தானாக ஏறிவிடும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் இணையான பாலிசி இருப்பதைக் காட்டி விலக்கு கேட்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இங்குள்ள ஒரு கன்சல்டன்சி ஒரு பாலிசியைத் தலையில் கட்டியது. அதில் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடையாது, பிரசவத்துக்கும் மனநல மருத்துவத்துக்கும் மிகக் குறைவு. பல்கலைக்கழகம் அதை ஏற்கவில்லை. இரண்டு பிரீமியமும் கட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கன்சல்டன்சியின் மேசையில் விசாரித்தபோது, 'எல்லா ஸ்டூடண்ட்ஸும் இதைத்தானே எடுக்கிறாங்க' என்பதே பதில். கமிஷன் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பாலிசியைக் கையில் வாங்கியதும் முதல் பக்கத்தில் இருக்கும் பெரிய தொகையைப் பார்த்துத் திருப்தியடையாமல், விலக்குகள் என்று பொடி எழுத்தில் அச்சிட்ட பக்கத்தைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நாமே முதலில் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, அறை வாடகைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டா, பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் எந்த மருத்துவமனை அவர்கள் பட்டியலில் வருகிறது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குவது நம் உரிமை. தைராய்டு மாத்திரை சாப்பிடுவதையும், வீசிங்குக்கு இன்ஹேலர் வைத்திருப்பதையும், சர்க்கரையையும், மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பதையும் படிவத்தில் மறைக்கச் சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். 'எழுதினா விசா வராது' என்பது அவர்கள் கிளப்பும் பயம். மேலே சொன்ன நோய்கள் மாணவ விசாவை மறுக்கும் காரணமாவது அரிது. மறைத்தது தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுப்பதுதான் உறுதி. மறைத்துவிட்டு அங்கே மருத்துவமனையில் படுக்கும் பிள்ளையின் பெற்றோர் குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ இருந்துகொண்டு இலட்சக்கணக்கில் எப்படிப் புரட்டுவார்கள்?

இவற்றையெல்லாம் ஒவ்வொரு குடும்பமும் தானே தோண்டி எடுக்க வேண்டியதில்லை என்பதால் சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பழைய பதிவேட்டில் உள்ள தடுப்பூசி விவரங்களைப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடும் பிறந்த தேதியோடும் ஆங்கிலத்தில் ஒரே தாளில் எழுதி, மருத்துவ அலுவலர் கையொப்பமிட்டுத் தர ஒரு பொதுப் படிவம் வேண்டும். இப்போது ஒரு நிலையத்தில் தருகிறார்கள், அடுத்த நிலையத்தில் 'எங்களுக்கு அப்படி உத்தரவு இல்லை' என்கிறார்கள். இரண்டு தரப்பையும் நான் அறிவேன், பணியில் இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை, உத்தரவு இருந்தால் அவர்களுக்கும் எளிது. பழைய பதிவேடுகள் கரையான் அரித்துப் போவதற்கு முன் அவற்றை ஸ்கேன் செய்து வைப்பதும் இதோடு சேர்ந்த வேலை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாளாவது பெரியவர்களுக்கான தடுப்பூசிகளைக் கட்டணத்துக்கேனும் போட ஏற்பாடு செய்தால், தனியார் மருந்தகங்களில் இருப்பு இல்லை என்று அலைவது குறையும்.

நம் பகுதிப் பொறியியல், கலை, அறிவியல் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளும், 'நான் முதல்வன்' திட்டத்தின் வழிகாட்டல் வகுப்புகளை நடத்துபவர்களும், வெளிநாட்டுப் படிப்பு பற்றிப் பேசும் நாளில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் இறுதியாண்டின் கடைசியில் அல்ல, அதற்கு முந்தைய ஆண்டிலேயே அமைய வேண்டும். ஹெபடைடிஸ் பி-யின் மூன்றாவது ஊசிக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டியவர் அப்போதுதான் காத்திருக்க முடியும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கட்டணங்களும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. பிரிட்டனின் சுகாதாரக் கட்டணம் 470 பவுண்டிலிருந்து 776-க்கு ஒரே தாவலில் ஏறியது அதற்குச் சான்று. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் வாக்கில், மாணவர்கள் அதிகம் செல்லும் நாடுகளின் மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி, காப்பீட்டு விதிகளை அந்தந்த அரசு இணையதளங்களைச் சரிபார்த்து, இணைய முகவரிகளோடு, வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும்படி ஒரு பக்கமாக வெளியிட்டால், ஆங்கிலப் படிவத்தின் முன் தயங்கி நிற்கும் பெற்றோர் ஏஜென்ட்டின் வாயை மட்டும் நம்பியிருக்க வேண்டியிராது. அப்பக்கத்தின் தடுப்பூசிப் பகுதியைச் சரிபார்க்க ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவரின் உதவி தேவைப்பட்டால், மகிழ்ச்சியோடு செய்து தரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.